பொதி எங்கே நின்றது? ஆய்வு வழங்கிகளும் வழியறியும் உரிமையும்

புனேயிலிருந்து நாசிக் செல்லும் நெடுஞ்சாலையில், நகரத்துக்குச் சுமார் 30 கிலோமீட்டர் வடக்கே சாகண் அமைந்துள்ளது. பஜாஜ், மகிந்திரா, வோக்ஸ்வாகன், மெர்சிடிஸ் பென்ஸ் ஆகிய நிறுவனங்களின் ஆலைகளும், அவற்றுக்கு உதிரிப் பாகம் செய்து தரும் எண்ணற்ற சிறு பட்டறைகளும் நிறைந்த ஊர் அது. அங்குள்ள தளேகாவ் சந்திப்பு போக்குவரத்து நெரிசலுக்குப் பெயர்போனது. உதிரிப் பாகம் ஏற்றிவரும் லாரி இரண்டு மணிநேரம் தாமதமானால், ஆலை வாயிலில் இருப்பவர் 'சாலை மெதுவாக இருக்கிறது' என்னும் விடையை ஏற்பதில்லை. வண்டி எப்போது புறப்பட்டது, எந்தச் சுங்கச்சாவடியை எத்தனை மணிக்குக் கடந்தது, எந்தச் சந்திப்பில் நின்றது, இடையில் சுற்றுவழியில் திரும்பியதா என்று கேட்கிறார். நேரம் குறித்த பதிவுகளைக் கொண்டே தாமதத்துக்குப் பொறுப்பானவர் யார் என்பது முடிவாகிறது.

அதே ஊரில், அதே ஆலையின் கணினி அறையில், ஒரு கோப்பு சென்று சேரவில்லை என்றால் கிடைக்கும் விடை பெரும்பாலும் ஒன்றே: 'நெட் ஸ்லோ'. பல்கலைக்கழகங்களின் நிலையும் இதுதான். லாரிக்குக் கேட்கப்படும் கேள்விகளில் ஒன்றுகூடத் தரவுக்குக் கேட்கப்படுவதில்லை. கேட்பதற்கான கருவிகள் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றை ஒரு லினக்ஸ் வழங்கியில் நிறுவப் பத்து நிமிடம் போதும். எனினும் நம் கல்வி நிறுவனங்களின் ஆய்வு வழங்கிகள் பலவற்றில் அவை இல்லை. இருந்தாலும் மாணவர் கைக்கு எட்டுவதில்லை. எட்டினாலும் தீயரண் அவற்றின் வாயை அடைத்துவிடுகிறது. தன் தரவு எவ்வழியே செல்கிறது என்று அறியும் வசதி, ஆய்வாளருக்கு நூலக அட்டையைப் போல் இயல்பாகக் கிடைக்கவேண்டிய ஒன்று. அதை நிர்வாகியின் தனியுரிமையாக வைத்திருப்பதற்கு நியாயமான காரணம் எதுவுமில்லை.

இழப்பு யாருக்கு என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காணலாம். சாகணின் தொழிலாளர் குடியிருப்புகளில் இந்தியாவின் பல மாநில மொழிகள் ஒலிக்கின்றன. அங்குத் தங்கிப் புலம்பெயர்ந்தோர் பேச்சைப் பதிவு செய்யும் ஆய்வு மாணவர் ஒருவர், நாள்தோறும் சில ஜிகாபைட் ஒலிக்கோப்புகளைச் சென்னையிலுள்ள தம் துறையின் வழங்கிக்கு அனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். கோப்பு பாதியில் நிற்கிறது. இணையச் சேவை தருபவர் 'எங்கள் பக்கம் சரியாக இருக்கிறது' என்கிறார். துறையின் கணினிப் பிரிவோ 'வழங்கி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது' என்கிறது. இரண்டும் பொய்யாக இருக்கவேண்டியதில்லை. ஆனால் இரண்டுக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு திசைவிகளும் மூன்று நான்கு நிறுவனங்களின் வலையமைப்புகளும் உள்ளன. அந்த இடைவெளியைப் பற்றிப் பேச யாரிடமும் சொல் இல்லை. ஆகவே பொறுப்பும் யாரிடமும் இல்லை. இறுதியில் காலக்கெடுவைத் தவறவிட்டவர் என்னும் பெயர் மாணவருக்கே மிஞ்சுகிறது. இணையவழித் தேர்வு எழுதுவோர், தொலைவிலிருந்து கருவிகளை இயக்குவோர், மீத்திறன் கணினிக்குக் கணக்கீடுகளை அனுப்புவோர் அனைவருக்கும் இது பொருந்தும்.

அந்த இடைவெளியைப் பேசவைக்கும் உத்தி மிக எளியது. இணையத்தில் செல்லும் ஒவ்வொரு தரவுப்பொதியின் தலைப்பிலும் ஆயுள் எண் ஒன்று இருக்கிறது. டிடிஎல் என்பது அதன் பெயர். வழியிலுள்ள ஒவ்வொரு திசைவியும் அதில் ஒன்றைக் கழிக்கும். எண் சுழியமானதும் பொதியைக் கைவிட்டு, 'உன் பொதி என்னிடம் ஆயுள் முடிந்தது' என்று அனுப்பியவருக்கு ஐசிஎம்பி என்னும் நெறிமுறையில் ஒரு மடல் போடும். வழிதவறிய பொதிகள் முடிவின்றிச் சுற்றித்திரியாமல் இருக்கச் செய்த ஏற்பாடு இது. டிரேஸ்ரூட் என்னும் கருவி இதையே வினாவாக மாற்றுகிறது. ஆயுள் ஒன்று எனக் குறித்து ஒரு பொதியை அனுப்பினால் முதல் திசைவி மடல் போடும். இரண்டு எனக் குறித்தால் இரண்டாவது. இப்படி ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போனால், இறப்புச் செய்திகளைக் கோத்து வழியின் வரைபடத்தைப் பெறலாம்.

இதை 1987-88 காலத்தில் எழுதியவர் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தைச் சேர்ந்த வான் ஜேக்கப்சன். அதற்குச் சற்று முன், 1986 அக்டோபரில், அவருடைய ஆய்வகத்துக்கும் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் இடையிலான இணைப்பு நொடிக்கு 32,000 பிட் வேகத்திலிருந்து 40 பிட் வேகத்துக்குச் சரிந்தது. இரு இடங்களுக்கும் இடையே இருந்த தொலைவு சுமார் 400 கெஜம். ஏன் இப்படி ஆயிற்று என்று துருவிய ஆய்விலிருந்தே இன்றைய இணையத்தின் நெரிசல் கட்டுப்பாட்டு முறைகள் பிறந்தன. வலையமைப்பைப் பயன்படுத்திய ஆய்வாளரே அதன் நோயையும் ஆராய்ந்தார் என்பது இங்குக் கவனிக்கத்தக்கது. இந்தியாவிலும் தொடக்கம் அப்படித்தான் இருந்தது. 1986-இல் தொடங்கிய எர்னெட் திட்டத்தில் மும்பையின் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம், பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், சென்னை உள்ளிட்ட ஐந்து இந்தியத் தொழில்நுட்பக் கழகங்கள் ஆகியன பங்கேற்றன. நாட்டின் முதல் கல்விசார் வலையமைப்பைக் கட்டியவர்கள் கல்வியாளர்களே. 2010-இல் ஒப்புதல் பெற்ற தேசிய அறிவு வலையமைப்பு, 1,500-க்கும் மேற்பட்ட நிறுவனங்களை இணைக்கும் இலக்குடன் எழுந்தது. கம்பிகள் பெருகின, வேகம் பல்லாயிரம் மடங்கு கூடியது. ஆனால் வழியைப் பார்க்கும் பழக்கம் மட்டும் ஆய்வாளரிடமிருந்து கழன்று, பூட்டிய அறைக்குள் போய்விட்டது.

அந்த அறையைத் திறக்கப் பெருஞ்செலவு எதுவும் தேவையில்லை. டெபியன், உபுண்டு வகை வழங்கியில் நிறுவவேண்டியவை மூன்று சிறு தொகுப்புகள்: டிரேஸ்ரூட், டிரேஸ்பாத், எம்டிஆர். முதலாவது வழியைக் காட்டும். இரண்டாவது, வழியோடு, இடையில் எங்கேனும் பொதியின் அளவுக்குத் தடை இருக்கிறதா என்பதையும் சொல்லும். 1997-இல் மேட் கிம்பல் எழுதிய எம்டிஆர், ஒவ்வொரு தாவலுக்கும் நொடிக்கு ஒருமுறை வினா அனுப்பி, இழப்பையும் தாமதத்தையும் அட்டவணையாகத் திரட்டித் தரும். ஒருமுறை பார்த்துச் சொல்வதற்கும் நூறுமுறை பார்த்துச் சொல்வதற்கும் உள்ள வேறுபாடே டிரேஸ்ரூட்டுக்கும் எம்டிஆருக்கும் உள்ள வேறுபாடு. அறிக்கை முறையில் நூறு சுற்று ஓடவிட இரண்டு நிமிடத்துக்கும் குறைவான நேரமே ஆகும்.

'மாணவருக்கு ரூட் உரிமை தர முடியாது' என்பது வழக்கமாக எழும் மறுப்பு. தரத் தேவையே இல்லை. லினக்ஸின் டிரேஸ்ரூட் தன் இயல்பான முறையில் சாதாரணப் பயனரின் கையிலேயே இயங்கும், டிரேஸ்பாத்தும் அவ்வாறே. எம்டிஆரில் சிறப்புரிமை தேவைப்படும் பகுதி மட்டும் தனிச் சிறுநிரலாகப் பிரிக்கப்பட்டு, பொதிகளை நேரடியாக அனுப்பும் ஒரேயோர் உரிமை மட்டும் அதற்கு வழங்கப்படுகிறது. முழுச் சாவிக்கொத்தையும் கொடுக்காமல் ஒரு சாவியை மட்டும் கொடுக்கும் முறை இது.

நிர்வாகி கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. தேசிய அறிவு வலையமைப்பு ஒருபுறம், வணிகச் சேவை ஒருபுறம் என இரண்டு இணைப்புகள் கொண்ட வழங்கியில், லினக்ஸின் மீள்வழிச் சரிபார்ப்பு கடுமையான முறையில் வைக்கப்பட்டிருந்தால், ஓர் இணைப்பின் வழியே போன வினாவுக்கு மற்றோர் இணைப்பின் வழியே வரும் விடையை வழங்கியே குப்பையில் போட்டுவிடும். திரையில் வெறும் நட்சத்திரக் குறிகள் தோன்றும். வழியிலுள்ளவர்கள் வாய் திறந்து பேசியிருப்பார்கள். கேட்பவர்தான் காதைப் பொத்திக்கொண்டிருப்பார். இத்தகைய வழங்கிகளில் அந்த அமைப்பைத் தளர்ந்த முறைக்கு மாற்றிய பிறகே கருவிகளின் சொல்லை நம்பலாம்.

நிறுவுவது எளிது, படிப்பதே கடினம். இங்குதான் மொழியியல் பயின்றவர்களும் சுவடியியல் பயின்றவர்களும் கணினித் துறைக்குச் சொல்லத்தக்க செய்தி ஒன்று இருக்கிறது. 'வந்தான்' என்பதற்கும் 'வந்தானாம்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழ் ஓரசையால் காட்டிவிடுகிறது. பின்னதைச் சொல்பவர் தாம் நேரில் காணவில்லை, பிறர் சொல்லக் கேட்டார் என்பது அந்த 'ஆம்' என்னும் ஈற்றிலேயே அடங்கிவிடுகிறது. டிரேஸ்ரூட் தரும் ஒவ்வொரு வரிக்கும் இந்த ஈற்றைச் சேர்த்தே படிக்கவேண்டும். பொதி இத்திசைவியைக் கடந்ததாம். இத்தனை மில்லிநொடி ஆயிற்றாம். அது திசைவிகள் தம்மைப் பற்றித் தாமே கூறிய கூற்றுகளின் தொகுப்பு. கூற்றை மெய்ம்மையாக எடுத்துக்கொள்வதால் நேரும் பிழைகள் பல.

முதல் பிழை, மௌனத்தைத் தவறாகப் பொருள்கொள்வது. ஒரு தாவலில் நட்சத்திரக் குறி தோன்றினால் 'இங்கே அறுந்துவிட்டது' என்று புகார் எழுதிவிடுகிறார்கள். அதற்கு அடுத்த தாவல்கள் ஒழுங்காக விடை தருமானால், இடையில் இருப்பவர் விடை சொல்ல விரும்பவில்லை என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பது பழமொழி. இங்கு மௌனம் சம்மதமும் அன்று, மறுப்பும் அன்று. இரண்டாவது பிழையும் இதன் உறவே. எம்டிஆர் அட்டவணையில் ஐந்தாவது தாவலில் 40 விழுக்காடு இழப்பு என்றிருக்கும். இறுதித் தாவலில் இழப்பே இராது. பிறருடைய பொதிகளைக் கடத்துவதே திசைவியின் முதற்பணி. மடல் எழுதுவது ஓய்வு நேர வேலை. வேலை மிகுந்தால் மடலைக் குறைத்துக்கொள்ளும். இறுதித் தாவல்வரை தொடரும் இழப்பே இழப்பு. இந்த ஒரு விதியை அறியாததால் எழுதப்படும் பொய்ப்புகார்கள், மெய்யான புகார்களின் மதிப்பையும் கெடுக்கின்றன.

மூன்றாவது பிழை பெயர்களை நம்புவது. திசைவிகளின் பெயர்களில் விமான நிலையக் குறியீடுகள் பொதிந்திருப்பது வழக்கம். புனேக்கு 'பிஎன்கியூ', மும்பைக்கு 'பிஓஎம்', சென்னைக்கு 'எம்ஏஏ'. பம்பாய் 1995-இலும் மதராஸ் 1996-இலும் பெயர் மாறிய பின்னும் அப்பழம்பெயர்கள் இக்குறியீடுகளில் உறைந்து கிடக்கின்றன. ஊர்ப்பெயராய்வுக்கு இது சுவையான செய்தி, வழியாய்வுக்கு எச்சரிக்கை. கருவியை வேறு ஊருக்கு மாற்றியவர் பெயரை மாற்ற மறந்திருக்கலாம். பெயர் ஒரு துப்பு. சான்றாக அதை ஏற்பதற்கு முன் இயற்பியலைக் கேட்கவேண்டும்.

இயற்பியல் பொய் சொல்வதில்லை. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் செல்லும். அதாவது ஒவ்வொரு 100 கிலோமீட்டருக்கும் போய்வர ஒரு மில்லிநொடி ஆகும். புனே வட்டாரத்திலிருந்து சென்னை நேர்கோட்டில் சுமார் 900 கிலோமீட்டர். எனவே ஒன்பது மில்லிநொடிக்குக் குறைந்து விடை வர முடியாது. இழை நேர்கோட்டில் போவதில்லை. மும்பையோ ஐதராபாத்தோ சுற்றிப் போகும். 20, 30 மில்லிநொடி என்றால் வியப்பில்லை. 150 என்றால் வினவவேண்டும். அப்போது எம்டிஆர் காட்டும் மிகக்குறைந்த தாமதத்தையும் சராசரித் தாமதத்தையும் ஒப்பிட்டால் பாதி விடை கிடைத்துவிடும். குறைந்தது சிறியதாகவும் சராசரி பெரியதாகவும் இருந்தால் அது நெரிசல்: சாகணின் தளேகாவ் சந்திப்பைப் போல, நள்ளிரவில் வெறிச்சோடி மாலையில் அடைபடும் இடம் ஒன்று வழியில் இருக்கிறது. நாளின் எந்நேரத்திலும் மிகக்குறைந்த தாமதமே பெரியதாக இருந்தால் அது சுற்றுவழி: பொதி வெளிநாட்டுக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருக்கலாம். முன்னதற்குத் தீர்வு கொள்திறனைக் கூட்டுவது. பின்னதற்குத் தீர்வு வழியமைப்பை மாற்றுவது. இரண்டையும் 'ஸ்லோ' என்னும் ஒரே சொல்லில் அடைத்தால் இரண்டுக்கும் தீர்வு கிட்டாது.

சுற்றுவழி வெறும் கற்பனையன்று. இந்திய நிறுவனங்கள் இரண்டுக்கு இடையிலான தரவு அயல்நாடு சென்று திரும்பும் நிலையை மாற்றவே 2003-இல் இந்தியத் தேசிய இணையப் பரிமாற்றகம், அதாவது நிக்ஸி, நிறுவப்பட்டது. உள்நாட்டுத் தரவை உள்நாட்டிலேயே கைமாற்றிக்கொள்வது அதன் நோக்கம். பரிமாற்றகத்தில் உண்மையில் எந்தெந்த வழிகள் அறிவிக்கப்படுகின்றன என்று வெளியிலிருப்போர் பார்க்க உதவும் 'லுக்கிங் கிளாஸ்' என்னும் பலகணிகளை இத்தகைய பரிமாற்றகங்கள் திறந்து வைத்திருக்கின்றன. பலகணி ஏன் தேவை? டிரேஸ்ரூட் போகும் வழியை மட்டுமே காட்டும். வரும் வழி வேறாக இருக்கலாம். சாகணிலிருந்து சென்னைக்கு ஒரு நிறுவனத்தின் வழியே போன பொதிக்கு, விடை இன்னொரு நிறுவனத்தின் வழியே திரும்பலாம். குற்றம் திரும்பும் வழியில் இருந்தால், போகும் பக்கத்திலிருந்து எத்தனை முறை பார்த்தாலும் அது புலப்படாது. ஆகவே சென்னையிலுள்ள வழங்கியிலிருந்தும் சாகண் நோக்கி வினவ முடியவேண்டும். துறையின் வழங்கியில் இக்கருவிகள் இருக்கவேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் இல்லை. மாணவரின் மடிக்கணினியில் அவற்றை நிறுவிக்கொள்ளலாம். எதிர்முனை ஊமையாக இருந்தால் பாதி உரையாடலே கேட்கும்.

எதிர்முனை ஊமையாவது பெரும்பாலும் பாதுகாப்பின் பெயரால். ஐசிஎம்பி முழுவதையும் தீயரணில் தடுத்துவிடுவது பல வளாகங்களின் பழக்கம். இது கருவிகளை மட்டும் கெடுப்பதில்லை, வலையமைப்பையே கெடுக்கிறது. வழியில் ஓரிடத்தில் சிறிய பொதிகள் மட்டுமே நுழையுமென்றால், 'பொதி பெரிது, சிறிதாக்கி அனுப்பு' என்று திசைவி சொல்வதும் ஐசிஎம்பி வழியாகத்தான். அந்த மடலைத் தடுத்தால் விந்தையான நோய் தோன்றும். வழங்கிக்குள் நுழையலாம், சிறு கட்டளைகள் ஓடும், பெரிய கோப்பை அனுப்பத் தொடங்கியதும் அசையாமல் நின்றுவிடும். மேற்சொன்ன மாணவரின் ஒலிக்கோப்பு பாதியில் நிற்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். டிரேஸ்பாத் அதை ஒரு வரியில் காட்டிக்கொடுத்துவிடும். ஐபி ஆறாம் பதிப்பில் இத்தடை இன்னும் கொடியது. அங்கு அண்டைக் கணினியைக் கண்டுகொள்வதே ஐசிஎம்பியின் வேலை. எவற்றை அனுமதிக்கவேண்டும், எவற்றைத் தடுக்கலாம் என்று இணையப் பொறியியல் பணிக்குழு 2007-இல் வெளியிட்ட 4890-ஆம் எண் ஆவணம் வகைப்படுத்தியே சொல்லியிருக்கிறது. ஆயுள் முடிந்தது, இலக்கை அடைய முடியவில்லை, பொதி பெரிது ஆகிய மூன்று வகை மடல்களையும் விட்டு, வினா–விடை மடல்களுக்கு நொடிக்கு இத்தனை என்று வரம்பு வைத்தால் போதும். கதவைச் சுவராக்குவது பாதுகாப்பு ஆகாது.

இதன்பொருட்டு எல்லாப் பாதுகாப்பு அச்சங்களையும் ஏளனமாக ஒதுக்கவும் கூடாது. 2014-இல் பிரான்சின் யூரிகாம் நிறுவன ஆய்வாளர்கள் லுக்கிங் கிளாஸ் மென்பொருள்களை ஆராய்ந்து, அவற்றில் பல கவனமின்றி எழுதப்பட்டும் நிறுவப்பட்டும் இருப்பதைக் காட்டினர். பயனர் தட்டச்சிடும் முகவரியைச் சோதிக்காமல் கட்டளையில் செருகும் ஒரு வலைப்பக்கம், வழங்கியின் கதவைத் திறந்துவிடும். ஆகவே இணையத்தில் எவரும் அணுகும் பலகணியைத் தொடக்கத்திலேயே அமைக்க வேண்டியதில்லை. வளாகப் பயனர் கணக்கோடு வழங்கிக்குள் நுழைந்து கட்டளையை இயக்கும் ஏற்பாடு போதும். பின்னர் பொதுப்பலகணி வைப்பதானால், அதைத் திசைவியோடு தொடர்பற்ற தனி மெய்நிகர்க் கணினியில், முகவரியை மட்டுமே ஏற்கும் கடுஞ்சோதனையோடு, பயன்பாட்டுக்கு வரம்பிட்டு வைக்கவேண்டும். 'வளாகத்தின் உள்ளமைப்பு வெளியே தெரிந்துவிடும்' என்பது மற்றோர் அச்சம். உள்ளே இருக்கும் திசைவிகளின் பெயர்களை வெளியாருக்கு மறைக்க வழிகள் உண்டு. அவ்வச்சத்துக்காக உள்ளே இருப்போர் கண்ணையும் கட்டுவது பொருத்தமற்ற மருந்து.

பார்ப்பதோடு பதிவதும் வேண்டும். 2008 பிப்ரவரி 24 அன்று பாகிஸ்தான் டெலிகாம் தன் நாட்டுக்குள் யூடியூபைத் தடுக்கச் செய்த வழியறிவிப்பு உலகெங்கும் கசிந்து, பல நாடுகளில் அத்தளம் முடங்கியது. 2021 ஏப்ரல் 16 அன்று இந்தியாவின் வோடபோன் ஐடியா வலையமைப்பு, தனக்கு உரியவை அல்லாத 30,000-க்கும் மேற்பட்ட முகவரித் தொகுதிகளைத் தன்னுடையவை என்று அறிவித்தது. இத்தகைய நிகழ்வுகள் குறுகிய நேரமே நீடிக்கின்றன. புகார் மின்னஞ்சல் திறக்கப்படும்போது எல்லாம் சரியாகியிருக்கும். 'இப்போது நன்றாக ஓடுகிறதே' என்ற விடையோடு கோப்பு மூடப்படும். நேற்று வழி எப்படி இருந்தது என்று தெரியாதவருக்கு இன்றைய வழி மாறியிருப்பது தெரியாது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, துறைக்கு இன்றியமையாத ஐந்தாறு இலக்குகளை நோக்கி எம்டிஆரை ஓடவிட்டு, விடையை உரைக்கோப்பாகச் சேமிக்க லினக்ஸின் காலக்கட்டளை அமைப்பில் ஒரு வரி போதும். ஆண்டு முழுவதும் சேர்ந்தாலும் அது ஒரு வட்டின் மூலையில் அடங்கிவிடும். வழங்கியின் கடிகாரம் சரியாக இருப்பது மட்டும் கட்டாயம். கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று விடுத்த நெறியாணை, பதிவுகளை 180 நாட்கள் பேணவும், தேசியத் தகவல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு கடிகாரங்களை ஒத்திசைக்கவும் ஏற்கெனவே கேட்கிறது. ஆணைக்கு அஞ்சிப் பேணும் பதிவுகளோடு ஆய்வுக்குப் பயன்படும் பதிவுகளையும் பேணுவதில் என்ன தடை?

'இதெல்லாம் பொறியாளர் வேலை. மொழியோ வரலாறோ பயில்பவருக்கு எதற்கு?' என்னும் வினா எஞ்சுகிறது. இதற்கான விடை தமிழ்ப் பதிப்பு மரபிலேயே இருக்கிறது. உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, ஒப்புநோக்கிய ஏட்டுச்சுவடிகள் யார் யாரிடமிருந்து கிடைத்தன என்பதைக் குறித்துவைத்தார். மூலம் எவ்வழியே கைக்கு வந்தது என்பதை அறியாமல் மூலத்தை நம்பலாகாது என்பது அம்மரபின் பாடம். இன்றைய மூலங்கள் இழைகளின் வழியே வருகின்றன. களப்பதிவு, ஆவணக்காப்பகத்தின் படிமம், கருவியின் அளவீடு எதுவாயினும், அது வந்த வழியில் இழப்பும் தாமதமும் நேரக்கூடும். பயணித்த வழியைக் கேட்பது, மூலத்தை மதிப்பவரின் இயல்பான வினா.

இக்கருவிகள் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று கருதுவதும் மயக்கமே. அவை வழியைச் சொல்லும். வழியின் முழுக் கொள்ளளவைச் சொல்லா. சில நிறுவனங்கள் தம் உள்வழிகளை ஒரே தாவலாகச் சுருக்கிக் காட்டும். சுமையைப் பல இணையான பாதைகளில் பிரித்தனுப்பும் இடங்களில், பழைய டிரேஸ்ரூட் இல்லாத பாதை ஒன்றை இருப்பதாகக் காட்டிவிடும். அதைச் சரிசெய்யவே 2006-இல் பாரிஸ் டிரேஸ்ரூட் என்னும் மேம்பட்ட முறை வந்தது. கைப்பேசிக் கோபுரத்துக்கும் கைப்பேசிக்கும் இடையே நேரும் தடுமாற்றம் இவற்றில் தெளிவாகத் தெரியாது. எல்லைகளை அறிந்து பயன்படுத்தும்போதே கருவி ஆய்வுக்கருவியாகிறது.

துறைகள் செய்யவேண்டியது சிலவே. ஆய்வு வழங்கி ஒவ்வொன்றிலும் மூன்று கருவிகளையும் நிறுவிச் சாதாரணப் பயனருக்குத் திறக்கட்டும். தீயரணில் மூன்று வகை மடல்களுக்கு வழி விடட்டும். அன்றாட வழிப்பதிவைத் துறைக்குள் அனைவரும் படிக்கும் இடத்தில் வைக்கட்டும். ஆய்வு நெறிமுறை வகுப்பில் இதற்கென ஒரு பிற்பகலை ஒதுக்கட்டும். முதல் பயிற்சியாக, மாணவர் தம் ஊரிலிருந்து துறை வழங்கிக்கும் வழங்கியிலிருந்து தம் ஊருக்கும் உள்ள வழிகளை வரைந்து ஒப்பிடட்டும். புகார்ப் படிவத்தில் 'நெட் ஸ்லோ' என்று எழுதும் கட்டத்தை நீக்கி, நேரம், புறப்பட்ட முகவரி, இலக்கு முகவரி, இருதிசை எம்டிஆர் அறிக்கை என நான்கு கட்டங்களை வைக்கட்டும். அத்தகைய புகாரைப் பெறும் நிர்வாகியின் சுமை குறையும். அதை மேலே சேவை நிறுவனத்துக்கு அனுப்பும்போது அவர் சொல்லுக்கும் எடை கூடும்.

வலையமைப்பு பழுதாவதைத் தடுக்க மாணவரால் இயலாது. பழுது தம்முடையது அன்று என்று நிறுவ அவரால் இயலவேண்டும். அதற்கான சான்றை அவர் கையில் தராத நிறுவனம், பிறர் செய்த தாமதத்தை அவர் கணக்கில் எழுதிக்கொண்டே இருக்கும்.